திரை போடுவது யாருடைய வேலை?

ஜன்னலுக்கு என்ன திரை வாங்கலாம் என்று தேடினால் கிடைக்கும் கட்டுரைகள் எல்லாமே ஒரே அச்சில் வார்த்த மாதிரி இருக்கும். வீடுதான் நிம்மதி என்று முதல் பத்தி. அப்புறம் பட்டியல்: படுக்கையறைக்கு வெளிச்சத்தை முழுசாகத் தடுக்கும் பிளாக்அவுட் துணி, ஹாலுக்கு மெல்லிய துணியும் கனமான துணியும் சேர்த்து இரண்டு அடுக்கு, குளியலறைக்கு ஃப்ராஸ்டட் ஸ்டிக்கர், சமையலறைக்கு ரோலர் ப்ளைண்ட். கடைசியில், அளவெடுக்க ஆள் அனுப்புகிறோம் என்ற தகவல்.

என் சித்தி மகள் ஓசூர் சிப்காட் பக்கம் ஒரு வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டு, "ஜன்னலுக்கு என்னண்ணா போடறது?" என்று கேட்டாள். அதனால் இந்த வகைக் கட்டுரைகளை கொஞ்சம் அதிகமாகவே படித்தேன். அவற்றில் இருக்கும் தொழில்நுட்பத் தகவல் பெரும்பாலும் சரிதான். துணி, ஸ்டிக்கர், ப்ளைண்ட் பற்றித் தெரிந்தவர்கள்தான் எழுதுகிறார்கள். ஆனால் ஒரு கேள்வியை யாருமே தொடுவதில்லை. வெளியிலிருந்து பார்வை படாமல் பார்த்துக்கொள்வது யாருடைய வேலை? ஜன்னல் வைத்தவருடையதா, எதிரே கட்டியவருடையதா, உள்ளே இருப்பவருடையதா? திரைக் கட்டுரை இதற்குக் கேட்காமலேயே பதில் சொல்லிவிடுகிறது: உள்ளே இருப்பவர்தான், அவர் காசில்தான். இந்தப் பதில் எவ்வளவு பழையது, ஓசூர் மாதிரி ஒரு ஊரில் அதற்கு யார் விலை கொடுக்கிறார்கள் என்பதைப் பற்றித்தான் இந்தக் குறிப்பு.

எந்த வீட்டை நினைத்து எழுதியது?

கட்டுரைகள் நினைக்கும் வீட்டுக்கு நாலு பக்கமும் கொஞ்சம் இடம் இருக்கிறது. ஜன்னலுக்கு வெளியே தோட்டமோ தெருவோ. பார்க்கிறவர் அந்நியர், தூரத்தில் நிற்கிறார். வீட்டுக்காரரே வீட்டின் உரிமையாளர், சுவரில் துளை போட யாரிடமும் கேட்க வேண்டாம். வீட்டில் எல்லோரும் இரவில் தூங்கி, பகலில் விழித்திருப்பார்கள்.

இப்போது ஓசூரைப் பாருங்க. 1970களில் சிப்காட் வந்தது. அடுத்த பதினைந்து வருஷத்துக்குள் அசோக் லேலண்ட், டிவிஎஸ், டைட்டன் எல்லாம் வந்துவிட்டன. 2004-ல் தர்மபுரியிலிருந்து கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது. 2019-ல் ஓசூர் மாநகராட்சி ஆனது. பெங்களூரு சுமார் 40 கிலோமீட்டர். ஜூஜூவாடி தாண்டினால் அத்திப்பள்ளி, அது கர்நாடகம். வேலைக்கு வருகிறவர்கள் தமிழும் தெலுங்கும் கன்னடமும் பேசும் உள்ளூர்க்காரர்கள் மட்டுமில்லை. ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட், அசாமிலிருந்தும் வருகிறார்கள். இவர்களில் பெரும் பகுதி வாழ்வது லைன் வீடுகளில்.

லைன் வீடு தெரியாதவர்களுக்காக: ஒரே நீளமான கட்டடம், வரிசையாக அறைகள். அறைக்கு முன்னால் மூணு நாலு அடி அகலத்தில் பொது நடைபாதை. கதவும் ஜன்னலும் அந்த நடைபாதையைப் பார்த்தே இருக்கும். பின்சுவர் அடுத்த கட்டடத்தோடு ஒட்டியிருக்கும், பக்கச் சுவர்கள் பக்கத்து அறைகளோடு. ஆக மொத்தம் ஒரு ஜன்னல். குழாய்க்குப் போகிறவர், கழிப்பறைக்குப் போகிறவர், ஷிப்ட் முடிந்து வருகிறவர் எல்லோரும் அந்த ஜன்னலை ஒரு கை தூரத்தில் கடந்துதான் போக வேண்டும்.

இங்கே பார்க்கிறவர் அந்நியர் கிடையாது, பக்கத்து அறைக்காரர். அவர் எட்டிப் பார்க்கவே வேண்டாம், நடந்தாலே கண்ணில் படும். அதனால் பகலிலும் ஜன்னலை மூடியே வைத்திருக்கிறார்கள். ஒரே ஜன்னல் மூடினால் அறைக்குள் காற்று கிடையாது. "துணி போட்டா மூச்சு முட்டுது, போடலன்னா மானம் போகுது" என்று ஒரு அக்கா சொன்னார். திரைக் கட்டுரை எழுதுகிறவர்கள் இந்த ஒரு வாக்கியத்துக்குப் பதில் சொல்ல வேண்டும் என்பது என் எதிர்பார்ப்பு.

கண்ணாடி ஸ்டிக்கரும் ஷிப்ட் நேரமும்

கட்டுரைகள் அதிகம் புகழும் பொருளிலிருந்து ஆரம்பிக்கலாம். உள்ளேயிருந்து வெளியே தெரியும், வெளியேயிருந்து உள்ளே தெரியாது என்று விற்கப்படும் கண்ணாடி ஸ்டிக்கர், அதாவது மிரர் ஃபிலிம். பலரும் இதை ஏதோ ஒருவழிப் பாதை என்றே நினைக்கிறார்கள். அந்த ஃபிலிமுக்குத் திசை எதுவும் தெரியாது. வெளிச்சம் அதிகமுள்ள பக்கத்தில் நிற்பவருக்கு அது கண்ணாடி, வெளிச்சம் குறைந்த பக்கத்தில் நிற்பவருக்கு அது ஜன்னல். அவ்வளவுதான்.

நண்பகல் வெயிலில் வெளியே வெளிச்சம் ஒரு லட்சம் லக்ஸ் வரை இருக்கும். ட்யூப்லைட் போட்ட சின்ன அறைக்குள் நூறு, இருநூறு லக்ஸ். இந்த வித்தியாசம்தான் பகலில் உள்ளே இருப்பவரை மறைக்கிறது. இருட்டிய பிறகு உள்ளே லைட் போட்டால் கணக்கு தலைகீழ். உள்ளே இருப்பவருக்குத் தன் முகம் தெரியும், வெளியே இருப்பவருக்கு அறை முழுக்கத் தெரியும். உள்ளே இருப்பவர் தான் மறைந்திருப்பதாக நம்பிக்கொண்டிருப்பார் என்பதுதான் இதில் ஆபத்து.

"இரவில் கூடுதலாக ஒரு திரை போடுங்கள்" என்று நல்ல கட்டுரைகள் சொல்கின்றன. சரிதான். ஆனால் தொழிற்சாலை ஊரில் இரவு எப்போது? பொதுவாகக் காலை 6, மதியம் 2, இரவு 10 என்று ஷிப்ட் மாறும். ஆறு மணி ஷிப்ட்டுக்கு ஐந்து மணிக்கெல்லாம் கம்பெனி பஸ் வந்துவிடும். நாலு, நாலரைக்கு எழுந்து லைட் போட்டுக் குளித்து, உடை மாற்றிக் கிளம்புகிறார்கள். வெளியே கும்மிருட்டு. அதே நேரத்தில் இரவு ஷிப்ட் போன பக்கத்து அறைகள் வேறு ஒரு கணக்கில் இயங்குகின்றன, அவர்கள் காலை எட்டு மணிக்குத் தூங்க ஆரம்பிப்பார்கள். ஒருவர் உடை மாற்றும் நேரத்தில்தான் ஃபிலிம் கைவிடுகிறது.

லைன் வீட்டு நடைபாதைக்கு மேலே ஷீட்டோ மாடியோ இருந்தால், பகலில்கூட வெளியே பெரிய வெளிச்சம் கிடையாது. உள்ளே ஒரு எல்இடி பல்பு எரிந்தாலே இரண்டு பக்கமும் கிட்டத்தட்ட சமம். அந்த இடத்தில் மிரர் ஃபிலிம் கொடுத்த காசுக்கு வேலை செய்யாது.

ஃப்ராஸ்டட் ஸ்டிக்கர் வேறு ஜாதி. அது வெளிச்சத்தைச் சிதறடிக்கிறது, அதனால் இரவு பகல் இரண்டுக்கும் சரி. ஆனால் ஒரு நிபந்தனை: கண்ணாடியிலிருந்து தள்ளி நிற்க வேண்டும். கண்ணாடியை ஒட்டி நிற்கும் உருவம் ஓரளவு தெளிவாகவே தெரியும், இரண்டு மூணு அடி தள்ளிப் போனால்தான் கலங்கிவிடும். குளியலறை நாலு அடிக்கு நாலு அடி என்றால் எங்கே தள்ளிப் போவது? பழைய வீடுகளில் குளியலறைக்கு ஜன்னலே வைக்காமல் உயரத்தில் ஒரு சின்ன வென்டிலேட்டர் வைத்த காரணம் இப்போது புரியும்.

நிழல் விஷயமும் அப்படித்தான். பல்பு ஜன்னலுக்கு எதிர்ச் சுவரில் இருந்தால், நடுவில் நிற்பவரின் நிழல் நேராகத் திரையில் விழும். எவ்வளவு நல்ல துணி போட்டாலும், அது முழு பிளாக்அவுட் இல்லையென்றால், வெளியே நிழல் படம் ஓடும். பல்பு ஜன்னல் இருக்கும் சுவரிலேயே, ஜன்னலுக்கு மேலே இருந்தால் நிழல் உள்பக்கம் விழும். பைசா செலவில்லாத தீர்வு. ஆனால் திரை விற்பவர் பல்பு இடத்தைப் பற்றி ஏன் பேசப் போகிறார்? அதைத் தீர்மானிப்பது வயரிங் செய்த எலக்ட்ரீசியனும் ஓனரும்.

நாலு கதவு ஜன்னல்

இந்தக் கட்டுரைகளில் எனக்கு நிஜமாகவே பிடித்த ஒரு பொருள் உண்டு. மேலிருந்தும் இறக்கலாம், கீழிருந்தும் ஏற்றலாம் என்ற வகை ப்ளைண்ட். கீழ்ப்பாதியை மூடி மேல்பாதியைத் திறந்தால் வெளிச்சம் வரும், ஆள் தெரியாது. நவீன கண்டுபிடிப்பு என்றும் விலை கொஞ்சம் அதிகம் என்றும் எழுதுகிறார்கள்.

இதை நம் தாத்தாக்களின் தச்சர்கள் மரத்தில் செய்துவிட்டார்கள். அதுதான் நாலு கதவு ஜன்னல். நடுவில் செங்குத்துக் கம்பிகள், மேலே இரண்டு சின்னக் கதவு, கீழே இரண்டு சின்னக் கதவு. கீழ்க் கதவுகளைச் சாத்தி மேல் கதவுகளைத் திறந்து வைத்தால், தெருவில் நடப்பவர் கண்ணுக்கு உள்ளே எதுவும் தெரியாது. சூடான காற்று மேலே போய் வெளியேறும். தரையில் பாய் விரித்துப் படுக்கும்போது கீழ்க் கதவைத் திறந்தால் காற்று மேலே படும். மாலையில் திண்ணையில் இருப்பவரோடு பேச வேண்டுமானால் கீழ்க் கதவை மட்டும் திறக்கலாம். எந்த உயரத்தில் பார்வை வேண்டும், எந்த உயரத்தில் காற்று வேண்டும் என்று தனித்தனியாகத் தீர்மானிக்க முடிந்த ஜன்னல் அது. திரை இருந்தால் அழகுக்கு, இல்லையென்றாலும் குடி முழுகாது. பழைய ஆஸ்பத்திரி ஜன்னல்களில் ஸ்பிரிங் கம்பியில் பாதி உயரத்துக்குப் பச்சைத் துணி தொங்குமே, அதுவும் இதே யோசனைதான், துணியில்.

பிறகு ஸ்லைடிங் ஜன்னல் வந்தது. அலுமினியம், இப்போது யுபிவிசி. மழைத் தண்ணீர் வராது, கதவு காற்றில் அடிக்காது, நடைபாதையை நோக்கிக் கதவு நீளாது, கொசு வலையும் சேர்ந்தே வரும். இந்த நன்மைகளை நான் மறுக்கவில்லை. நடைபாதை மூணு அடி இருக்கும் இடத்தில் வெளிப்பக்கம் திறக்கும் கதவு நடப்பவர் நெற்றியில்தான் இடிக்கும். ஆனால் ஸ்லைடிங் ஜன்னல் இடது வலது என்று பிரிகிறது, மேல் கீழ் என்று பிரிவதில்லை. திறந்தால் தலை முதல் இடுப்பு வரை திறந்துவிடும்.

அதோடு, இரண்டு கண்ணாடி இருந்தால் ஒரு நேரத்தில் பாதிதான் திறக்கும். இந்தியாவின் தேசிய கட்டட விதித்தொகுப்பு 2016, அறையின் தரைப் பரப்பில் குறைந்தது பத்தில் ஒரு பங்கு திறப்பு வேண்டும் என்கிறது, அது வறண்ட வெப்பப் பகுதிக்கு. ஈரமும் வெப்பமும் சேர்ந்த பகுதிக்கு ஆறில் ஒரு பங்கு, இடைப்பட்ட பகுதிக்கு எட்டில் ஒரு பங்கு. நூறு சதுர அடி அறை என்றால் மிகக் குறைந்த கணக்கிலேயே பத்து சதுர அடி. அதே அளவு ஸ்லைடிங் ஜன்னல் வைத்தால் திறப்பது ஐந்து. அதன்மேல் துணி தொங்கினால் வருகிற காற்று இன்னும் குறைவு. நாலு பேர் தங்கும் அறையில் இது வெறும் புழுக்கப் பிரச்சினை இல்லை. காசநோய் போல காற்றில் பரவும் நோய்களுக்கு, காற்றோட்டம் இல்லாத நெருக்கமான அறை எவ்வளவு வசதி என்பது மருத்துவம் நன்றாக அறிந்த விஷயம்.

பழைய ஜன்னலில் மறைப்பு ஜன்னலின் வேலையாக இருந்தது. கட்டியவர் காசில், கட்டும்போதே முடிந்தது. புதிய ஜன்னலில் மறைப்பு துணியின் வேலை ஆகிவிட்டது. துணி குடியிருப்பவர் செலவு. காற்று போனால் அதுவும் குடியிருப்பவர் இழப்பு. வாடகைக்கு இருப்பவர் ஜன்னலை மாற்ற முடியாது. சில ஓனர்கள் ராடு மாட்ட ஆணி அடிக்கவே விடுவதில்லை. ஒரு துணியும் இரண்டு ஆணியும்தான் அவருடைய முழு அதிகாரம், அதிலும் இரண்டாவதற்கு அனுமதி வேண்டும்!

மெட்ராஸ் தீர்ப்பு, லண்டன் தீர்ப்பு

"பார்வை பட்டால் நீ மறைத்துக்கொள்" என்பது திரைக் கடைக்காரர்கள் கண்டுபிடித்ததில்லை. அதற்கு நம்ம ஊரில் நூற்றைம்பது வருஷ சட்ட வரலாறு உண்டு, சுவாரசியமான வரலாறு.

1882-ல் வந்த இந்திய வசதியுரிமைச் சட்டத்தின் 18-வது பிரிவில், விளக்கத்துக்காக ஒரு உதாரணம் கொடுத்திருக்கிறார்கள். ஒரு ஊரில், பக்கத்து வீட்டாரின் தனிமையைக் கெடுக்கும்படி யாரும் புது ஜன்னல் திறக்கக்கூடாது என்ற வழக்கம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அந்த ஊரில் ஒருவர் வீடு கட்டினால், பொதுவாகப் பிறர் கண்ணில் படாத தன் வீட்டுப் பகுதிகளைப் பார்க்கும்படி பக்கத்து வீட்டார் புது ஜன்னல் வைக்கக்கூடாது என்ற உரிமை அவருக்கு உண்டு. அதே உரிமை பக்கத்து வீட்டாருக்கும் உண்டு. அதாவது இங்கே பொறுப்பு ஜன்னல் திறப்பவருக்கு. 1888-ல் அலகாபாத் உயர் நீதிமன்றம் கோகல் பிரசாத் எதிர் ராதோ வழக்கில், அந்த மாகாணத்தில் இப்படியொரு வழக்காறு இருப்பதை ஏற்றுக்கொண்டது.

இந்தச் சட்டம் முதலில் அமலுக்கு வந்த பகுதிகளில் மெட்ராஸ் மாகாணமும் ஒன்று. ஓசூர் அப்போது மெட்ராஸ் மாகாணத்தின் சேலம் மாவட்டத்தில் இருந்தது. ஆனால் மெட்ராஸ் உயர் நீதிமன்றம் வேறு பக்கம் நின்றது. 1860களில் வந்த கோமதி எதிர் குருநாத பிள்ளை வழக்கு தொடங்கி, 1894-ல் வந்த சையத் அசூஃப் எதிர் அமீருபீபி வழக்கு வரை அதன் நிலைப்பாடு ஒன்றுதான். ஜன்னல் திறந்ததால் பக்கத்து வீட்டாரின் தனிமை கெடுகிறது என்பதை, பரிகாரம் தர வேண்டிய தவறாக இந்த மாகாணத்தின் சட்டம் கருதவில்லை. ஆங்கிலேயப் பொதுச் சட்டத்தின் தர்க்கம் இது. அவர் சுவரில் அவர் ஜன்னல் வைக்கலாம், உனக்குப் பிடிக்கவில்லையா, உன் நிலத்தில் நீ மறைப்பு எழுப்பிக்கொள்.

வடக்கே இருந்த வழக்காறு பெண்களை வீட்டுக்குள் அடைத்து வைத்த பர்தா முறையோடு பிணைந்தது, அதைக் கொண்டாட எனக்கு மனமில்லை. ஆனால் மெட்ராஸ் நிலைப்பாட்டை நடுநிலை என்று சொல்வதற்கும் மனமில்லை. சொந்த நிலத்தில் சுவர் எழுப்ப முடிந்தவருக்கு அது ஒரு தீர்வு. நிலமே இல்லாமல் நூறு சதுர அடி அறையை வாடகைக்கு எடுத்தவருக்கு, அந்தத் தீர்வின் சுருக்கப்பட்ட வடிவம்தான் ஜன்னல் துணி.

இதே தர்க்கம் பிறந்த ஊரில் என்ன ஆனது என்பதையும் சொல்லிவிடுகிறேன். லண்டனில் டேட் மாடர்ன் கலைக்கூடம் 2016-ல் தன் புதுக் கட்டடத்தின் உச்சியில் ஒரு பார்வை மாடம் திறந்தது. பக்கத்திலிருந்த சுவரெல்லாம் கண்ணாடியான அடுக்குமாடி வீடுகளுக்குள் பார்வையாளர்கள் பார்க்கவும் படம் எடுக்கவும் ஆரம்பித்தார்கள். வீட்டுக்காரர்கள் வழக்குப் போட்டார்கள். 2019-ல் முதல் நீதிமன்றம் சொன்ன காரணங்களில் ஒன்றைக் கேளுங்க: ப்ளைண்ட் இறக்கலாம், ஃபிலிம் ஒட்டலாம், வலைத்திரை போடலாம். அப்படியே திரைக் கடைப் பட்டியல்! மேல்முறையீட்டிலும் 2020-ல் தோல்வி. 2023 பிப்ரவரியில் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் மூன்றுக்கு இரண்டு என்ற பெரும்பான்மையில் அதை மாற்றியது. இப்படி இடைவிடாமல் பார்வைக்கு ஆளாக்குவது தொல்லைதான், அதிலிருந்து தப்பிக்கும் பொறுப்பைப் பாதிக்கப்பட்டவர் தலையில் கட்ட முடியாது என்பது பெரும்பான்மைத் தீர்ப்பின் போக்கு.

அந்த வீட்டுக்காரர்கள் வசதியானவர்கள், ஐந்து வருஷத்துக்கு மேல் வழக்கு நடத்த முடிந்தது. லைன் வீட்டுப் பெண்ணுக்கு அது முடியாது. ஆனால் "திரை போட்டுக்கொள்" என்பது ஒரு தீர்ப்பு, அதைக் கேள்வி கேட்க முடியும் என்பதை இந்த வழக்கு காட்டுகிறது.

நம் நாட்டில் 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் தனியுரிமை அடிப்படை உரிமை என்று ஒருமனதாகச் சொன்னார்கள். வழக்குத் தொடுத்த கே. எஸ். புட்டசாமி, எல்லைக்கு அந்தப் பக்கம் கர்நாடக உயர் நீதிமன்றத்தில் நீதிபதியாக இருந்து ஓய்வு பெற்றவர். அந்தத் தீர்ப்பின் மையம் அரசுக்கும் குடிமகனுக்கும் இடையிலான உறவு. லைன் வீட்டு நடைபாதை அளவுக்கு அது இன்னும் இறங்கி வரவில்லை.

கண் உள்ளே இருந்தால்

2025 நவம்பர் தொடக்கத்தில் நாகமங்கலம் பக்கம், டாடா எலக்ட்ரானிக்ஸ் பெண் தொழிலாளர்கள் தங்கும் விடுதியில், குளியலறையில் ரகசிய கேமரா இருந்தது தெரியவந்தது. பெண்கள் பெருந்திரளாக வெளியே வந்து இரவில் போராடினார்கள். அங்கே தங்கியிருந்த ஒரு பெண் தொழிலாளியும் பின்னர் அவருடைய ஆண் நண்பரும் கைது செய்யப்பட்டார்கள். பெண்களை இப்படி மறைந்திருந்து பார்ப்பதும் படமெடுப்பதும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 77-வது பிரிவில் குற்றம், முதல் முறைக்கே ஒன்று முதல் மூன்று வருஷம் வரை சிறை. 2013-லிருந்து பழைய தண்டனைச் சட்டத்திலும் இது இருந்தது.

இதைத் திரைக் கட்டுரைகளோடு சேர்த்துப் படித்துப் பாருங்க. அவை எல்லாவற்றிலும் கண் வெளியே இருக்கிறது, ஜன்னல்தான் எல்லை. பலர் ஒன்றாகத் தங்கும் இடத்தில் அந்த எல்லைக்கு அர்த்தமே இல்லை. ஜன்னலுக்கு எவ்வளவு கனமான துணி போட்டாலும் உள்ளே இருக்கும் கேமராவுக்கு அது ஒரு பொருட்டில்லை. கட்டிலுக்குக் கட்டில் ஒரு மறைப்பு, உடை மாற்ற உட்புறம் தாழ்ப்பாள் போட்ட ஒரு இடம், குளியலறையைப் பராமரிப்பவர் யார், எப்போது சோதிக்கிறார் என்ற பதிவு, புகார் சொன்னால் கேட்க ஒரு ஆள், இவைதான் அங்கே திரை. விடுதியில் இருந்த ஒரு பெண் என்னிடம் சொன்னது: கட்டிலைச் சுற்றித் துணி கட்டினால் வார்டன் அவிழ்த்துவிடச் சொல்வாராம், உள்ளே என்ன செய்கிறாய் என்று தெரிய வேண்டுமாம். பார்வையிலிருந்து காக்க வேண்டியவரே பார்க்கும் உரிமையைக் கேட்கிறார்.

தமிழ்நாட்டில் பெண்கள் விடுதிகளுக்கு உரிமம் கட்டாயம் என்று 2014-ல் தனிச் சட்டமே வந்தது. தொழிலாளர் விடுதிகளும் பிரம்மாண்டமாக வருகின்றன. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்கும் வளாகம் 2024 ஆகஸ்ட் 17 அன்று திறக்கப்பட்டது, செலவு 706 கோடி ரூபாய்க்கு மேல். ஓசூர் பகுதியும் அந்தத் திசையில்தான் போகிறது. இத்தனை ஆயிரம் கட்டில்களுக்கு வரைபடம் போடும்போது, ஒவ்வொரு கட்டிலிலிருந்தும் யார் யாருக்கு என்ன தெரியும் என்று ஒரு கோடு இழுத்துப் பார்ப்பது பெரிய வேலையில்லை. ஜன்னல் பரப்பைக் கணக்கிடுகிறோம் இல்லையா, அதே தாளில் இதையும் கணக்கிடலாம்.

சரி, என்னதான் செய்வது?

விமர்சனம் எழுதிவிட்டு நழுவினால் சித்தி மகள் விடமாட்டாள். வாடகைக்கு இருப்பவர்களுக்கு நான் சொல்வது:

முதலில் எதையும் வாங்காதீர்கள். இருட்டிய பிறகு உள்ளே லைட்டைப் போட்டு, நம்பிக்கையான ஒருவரை உள்ளே நிற்கச் சொல்லி, வெளியே போய் நடந்து பாருங்கள். எந்த உயரத்திலிருந்து, எந்தக் கோணத்தில் தெரிகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். நடைபாதையிலிருந்து மட்டும் தெரிகிறதென்றால் கீழ் முக்கால் பங்கை மறைத்தால் போதும், மேலே ஒரு அடி காற்றுக்கு. எதிர் மாடியிலிருந்து தெரிகிறதென்றால் கதை நேர் எதிர், மேல்பாதியைத்தான் மறைக்க வேண்டும், பாதித் திரை அங்கே ஏமாற்றிவிடும்.

ஸ்லைடிங் ஜன்னலுக்கு, கண்ணாடியின் கீழ்ப்பகுதியில் ஃப்ராஸ்டட் ஸ்டிக்கர் ஒட்டி, திறந்திருக்கும் பாதியில் மட்டும் ஸ்பிரிங் கம்பியில் பாதி உயரத் துணி போடலாம். துணி ஜன்னலோடு ஒட்டாமல் நாலைந்து அங்குலம் தள்ளித் தொங்கினால், ஓரங்களில் காற்று நுழையும். மிரர் ஃபிலிமுக்கு உங்கள் ஷிப்ட்டைக் கேட்டுவிட்டுச் செலவு செய்யுங்கள். பல்பை ஜன்னல் சுவருக்கு மாற்ற முடியுமா என்று ஓனரிடம் கேளுங்கள், ஒரு ஹோல்டரும் சில அடி வயரும்தான். இரவு ஷிப்ட் போய்ப் பகலில் தூங்குகிறவர் ஜன்னல் முழுக்கக் கறுப்புத் துணி போடுவதைவிடக் கண்ணுக்குக் கட்டும் பட்டை வாங்கிக்கொண்டால் அறைக்குக் காற்றாவது மிஞ்சும்.

லைன் வீடு கட்டும் ஓனர்களுக்கு இதைவிட நீளமான பட்டியல் உண்டு, ஆனால் மூன்று போதும். ஜன்னலின் கீழ் விளிம்பு மூணு அடியில் இருக்கட்டும், ஆனால் ஐந்தரை அடி வரை ஒரு கதவு, அதற்கு மேல் தனியாக ஒரு கதவு என்று பிரித்து வையுங்கள். நடைபாதைக்கு எதிரே, பின்சுவரில் கூரையை ஒட்டி ஒரு வென்டிலேட்டருக்காவது இடம் விடுங்கள், அதற்குப் பின்சுவரை ஓரிரு அடி உள்ளே தள்ள வேண்டியிருக்கும். இரண்டு வரிசை எதிரெதிரே கட்டினால் ஜன்னலுக்கு நேர் ஜன்னல் வைக்காமல் கொஞ்சம் விலக்கி வையுங்கள். முதலாவதற்கும் மூன்றாவதற்கும் மேஸ்திரிக்கு ஒரு வார்த்தை சொன்னால் போதும். இரண்டாவதற்கு அறைக்குக் கொஞ்சம் இடம் போகும். அந்த இடத்தின் விலையை ஓனர் கொடுக்க மறுப்பதால்தான் அதே விலையை முப்பது வருஷம், மாறி மாறி வரும் குடித்தனக்காரர்கள் காற்றாகக் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

சித்தி மகள் கடைசியில் வாங்கியது இரண்டு கெஜம் பருத்தித் துணியும் ஒரு ஸ்பிரிங் கம்பியும். ஆணிக்கு ஓனர் இன்னும் பதில் சொல்லவில்லை.